பதினாலு வருஷ அனுபவம், மூணு கட்டளை

டிஸ்கி: இது பொட்டி தட்டுற நண்பர்களைத் திட்டி எழுதின பதிவு. எழுதுறவன் பி.காம். படிச்சிட்டு பேங்க்ல குப்பை கொட்டுறவன். "உனக்கென்னய்யா தெரியும்"னு கிளம்புறவங்க, கடைசி வரைக்கும் படிச்சிட்டுக் கிளம்புங்க. :-)

எங்க ஊர் போனக்காடு. திருவனந்தபுரத்துல இருந்து விதுரா போய், அங்கிருந்து மலை ஏறணும். அகத்தியர்கூடம் போனவங்களுக்குத் தெரியும், நடை ஆரம்பிக்கிற இடமே அதுதான். யூடியூப் பாக்குறவங்களுக்கு பேய் பங்களா ஊருன்னு தெரியும். எனக்கு அது தேயிலைத் தோட்டம், லயம், அப்பாவோட நோட்டு.

அப்பாவுக்குக் கொழுந்து எடை எழுதுற வேலை. சாயங்காலம் பொம்பளைங்க கூடையை இறக்குவாங்க, தராசுல தொங்கவிட்டு எடை சொல்லுவாங்க, அப்பா எழுதுவாரு. ராத்திரி வீட்டுல அதைப் பாத்து பெரிய நோட்டுல ஏத்துவாரு. ஒருநாள் பதினாறுன்னு எழுதவேண்டிய இடத்துல பத்தொம்பதுன்னு எழுதிட்டாரு. நான் ஆர்வக்கோளாறுல பிளேடை எடுத்துட்டு வந்து, "சுரண்டிரட்டுமாப்பா"ன்னு கேட்டேன். கையிலேயே ஒண்ணு விழுந்துச்சு. அப்புறம் பத்தொம்பது மேல ஒரே ஒரு கோடு போட்டாரு. கோட்டுக்கு அடியில பழைய நம்பர் நல்லாவே தெரிஞ்சுது. பக்கத்துல பதினாறுன்னு எழுதி சின்னதா கையெழுத்துப் போட்டாரு. "நாளைக்கு அந்த அக்கா வந்து கேட்டா, என்ன எழுதியிருந்தேன், ஏன் மாத்துனேன்னு காட்டணும்லே"ன்னாரு.

காலேஜ்ல காமர்ஸ் படிச்சப்பவும் அதே பாடம். பேங்க்ல சேர்ந்தப்பவும் அதே பாடம். எழுதினதை அழிக்காதே, தப்புன்னா எதிர்ப்பதிவு போடு.

இப்ப மஸ்கட்ல இருக்கேன். எங்க பேங்க் சாஃப்ட்வேர்ல எந்த மாத்தம் லைவுக்குப் போனாலும், "சோதிச்சாச்சு, போகலாம்"னு கையெழுத்துப் போடுற ஆட்கள்ல நானும் ஒருத்தன். கோடு எழுதத் தெரியாது. ஆனா எழுதுறவங்க பக்கத்துல ஒன்பது வருஷமா உக்காந்திருக்கேன். அவங்க சரித்திரத்தை எப்படிப் பராமரிக்கிறாங்கன்னு பாத்துப் பாத்து வந்த எரிச்சல்தான் இது.

வீட்டுல இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிங்களுக்காக ஒரு வார்த்தை. உங்க வீட்டுக்காரரோ பிள்ளையோ எழுதுற கோடு எல்லாம் ஒரு பேரேட்டுல ஏறும். யார், எப்ப, எந்த வரியை, எதுக்கு மாத்துனாங்கன்னு அதுல இருக்கும். அந்தப் பேரேட்டுக்குப் பேரு கிட். லினக்ஸ் எழுதின லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல ஆரம்பிச்சது. அதுவரைக்கும் அவங்க வச்சிருந்த பிட்கீப்பரோட இலவச உரிமம் போனதால, சொந்தமா ஒண்ணு எழுத வேண்டி வந்தது. அதுல ஏத்துற ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முன்னால இருந்த கமிட்டோட அடையாள எண்ணைத் தனக்குள்ள வச்சிருக்கும். அந்த எண்தான் ஹேஷ். நடுவுல ஒரு பக்கத்தைக் கிழிச்சா அதுக்கப்புறம் வர்ற எல்லா எண்ணும் மாறிடும். கணக்கப்பிள்ளை கனவு கண்ட நோட்டு சார் அது!

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஊருக்குப் பணம் அனுப்புறவங்களுக்கு எங்ககிட்ட ஒரு சிக்கல் இருந்துச்சு. நெட்வொர்க் தடங்கி, சிஸ்டம் தானா மறுபடி முயற்சி பண்ணினா, கட்டணம் ரெண்டு தடவை போயிடும். வெளியாள் கம்பெனியில வேலை பாக்குற ஒரு பொண்ணு, ரெண்டு வருஷ அனுபவம்தான், அதைச் சரிபண்ணிக் குடுத்துச்சு. திங்கக்கிழமை சோதிச்சோம், கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் லைவ். இங்க வெள்ளி, சனி லீவு.

அதே வியாழக்கிழமை மத்தியானம், அதே டீம்ல இருக்கிற பதினாலு வருஷ அனுபவசாலி ஒருத்தர் தன்னோட வேலையை ஏத்தப் பாத்தாரு. அவர் மெஷின்ல இருந்தது பழைய பிரதி. "உன்கிட்ட இல்லாத கமிட் இங்க இருக்கு, முதல்ல அதை எடுத்துக்கோ"ன்னு கிட் தடுத்துச்சு. நல்ல பிள்ளையாத்தான் சொல்லிச்சு. இவர் படிக்கல. திரையில ஃபோர்ஸ்னு ஒரு டிக் பெட்டி இருந்துச்சு, டிக் பண்ணி அமுக்கிட்டாரு. அந்தப் பொண்ணோட மூணு கமிட்டும் பொதுக் கிளையில இருந்து காலி. அந்தக் கிளையில இருந்துதான் லைவுக்கு எடுத்தாங்க. நான் சோதிச்சது ஒண்ணு, போனது வேற ஒண்ணு.

ஞாயித்துக்கிழமை காலையில ராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருத்தர், கட்டட வேலை, போனை நீட்டுனாரு. "தம்பி, ஒரு தடவைதான அனுப்புனேன், ஏன் ரெண்டு தடவை எடுத்திருக்கு?" ஒரு ரியால்தான். ஆனா அவரு அதுக்காகப் பாதி நாள் சம்பளத்தை விட்டுட்டு வந்திருக்காரு. அவருக்குப் பின்னால இன்னும் ஆளு நிக்குது.

அனுபவசாலியைக் கூப்பிட்டோம். படம் போட்டுக் காட்டுற அந்த மென்பொருளைத் திறந்தாரு. கிளையில எல்லாம் அழகா நேர்கோடு. "அப்படி ஒரு ஃபிக்ஸ் வந்ததாவே தெரியலையே சார், ஏத்தாம விட்டுருக்கும் அந்தப் பொண்ணு." சத்தியமா இப்படித்தான் சொன்னாரு. பொய் சொல்லணும்னு சொல்லல, பாவம். அவருக்குத் தெரிஞ்ச ஜன்னல் வழியா அவ்வளவுதான் தெரியும்.

அந்தப் பொண்ணு, "சார், ரெண்டு நிமிஷம்"னு சொல்லி கறுப்புத் திரையைத் திறந்துச்சு. கிட் ரீஃப்ளாக்னு அடிச்சுது. அதோட மெஷின்ல தலைக்குறி எங்கெங்க நின்னுச்சு, எப்ப நகர்ந்துச்சுன்னு வரிசையா வந்துச்சு. திங்கக்கிழமை கமிட்டோட ஹேஷ் அங்க இருந்துச்சு. அந்த ஹேஷ்ல ஒரு புதுக் கிளை போட்டுச்சு, பத்திரம். அப்புறம் இப்ப இருக்கிற பொதுக் கிளையை எடுத்து, அதுக்கு மேல மூணு கமிட்டையும் செர்ரி-பிக் பண்ணி வச்சுது. யாரோடதையும் அழிக்கல. சோதனை ஓடுச்சு, மத்தியானத்துக்குள்ள லைவ். யார் யாருக்கு ரெண்டு தடவை போயிருக்குன்னு எண்ணி முடிக்க எங்களுக்குத்தான் ரெண்டு நாள் ஆச்சு.

இப்ப சொல்லுங்க, இதுல அனுபவசாலி யாரு?

நான் பாத்த வரைக்கும் பத்து வருஷம் தாண்டின நம்மாளுங்க பலருக்கு கிட்ல தெரிஞ்சது மூணு கட்டளை. இழு, சேர், தள்ளு. ஏதாவது சிக்கிக்கிச்சுன்னா ஃபோல்டரையே டெலிட் பண்ணிட்டு மறுபடி குளோன் எடுக்குறது. அதோட சேர்ந்து ரீஃப்ளாக்கும் போயிடும்னுகூடத் தெரியாது. அது சர்வர்ல இல்லை, உங்க மெஷின்ல இருக்கிற குறிப்பு. சாதாரணமா 90 நாள் இருக்கும், எந்தக் கிளையிலும் சேராத கமிட்டுக்கு 30 நாள்தான். திருடு போன வீட்டுல முதல் வேலையா தரையைக் கழுவுற கதை இது.

கார் ஓட்டுறவன் இஞ்சினைப் பிரிக்கத் தெரிஞ்சிருக்கணுமான்னு கேப்பாங்க. வேண்டாம். ஆனா நீங்க கார் ஓட்டுறவர் இல்லை, மெக்கானிக். சம்பளம் அதுக்குத்தான். கேஷ் கவுன்டர்ல பதினாலு வருஷம் இருந்துட்டு, டேலி ஆகலைன்னா நோட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புது நோட்டு வாங்குற காஷியரை எந்த பேங்க்காவது வச்சிருக்குமா?

இதுல இன்னொரு கூத்து. ரீபேஸ் நல்லதா மெர்ஜ் நல்லதான்னு கட்சி கட்டி அடிச்சுக்குவாங்க. பி.காம். முதல் வருஷப் பையனைக் கேட்டா அரை நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிடுவான். துண்டுச் சீட்டுல கணக்குப் போடுறப்ப எப்படி வேணா அடிச்சுத் திருத்து, வரிசையை மாத்து, நாலைச் சேர்த்து ஒண்ணாக்கு. பேரேட்டுல ஏறிட்டா கை வைக்காதே. உங்க மெஷின்ல மட்டும் இருக்கிற கமிட்டுகள் துண்டுச் சீட்டு. அதை ஊடாடும் ரீபேஸ் போட்டு ஒழுங்குபண்ணி, படிக்கிற மாதிரி ஆக்கி அனுப்புறது மரியாதை. மத்தவங்க எடுத்துட்டுப் போன கிளை பேரேடு. அங்க தப்பு நடந்தா ரிவர்ட். அதாவது எதிர்ப்பதிவு. ரீசெட் பண்ணி ஃபோர்ஸ் தள்ளுறது பிளேடு வச்சுச் சுரண்டுறது.

இது நம்ம டீமுக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. 2013 நவம்பர் 10 அன்னிக்கு ஜென்கின்ஸ் திட்டத்துல ஒரு டெவலப்பர் தெரியாம தள்ளின ஃபோர்ஸ்ல 186 களஞ்சியங்கள் ஒரே அடியில பழைய நிலைக்குப் போச்சு. கமிட்டுகள் அழிஞ்சிடல, கிளையோட முனை மட்டும் பின்னால போயிருந்துச்சு. சரியான ஹேஷ் எதுன்னு தேடித் தேடித் திருப்பி வச்சாங்க. தேடத் தெரிஞ்சவங்க இருந்தாங்க, அதனால பிழைச்சாங்க.

அதே நவம்பர் கடைசியில வந்த கிட் 1.8.5ல ஃபோர்ஸ்-வித்-லீஸ்னு ஒண்ணு குடுத்தாங்க. "நான் கடைசியாப் பாத்த நிலையிலயே கிளை இருந்தா மட்டும் தள்ளு, வேற யாராவது நடுவுல ஏத்தியிருந்தா நிறுத்து"ன்னு அர்த்தம். சொந்தக் கிளையை ரீபேஸ் பண்ணி மறுபடி தள்ளணும்னா இதைத்தான் பழகணும். ஆனா இதுலயும் ஒரு குழி இருக்கு. பட்டன் வச்ச மென்பொருள் பலது, நீங்க கேக்காமலே பின்னணியில ஃபெட்ச் பண்ணிட்டே இருக்கும். உங்க கண்ணு பாக்கலைன்னாலும் கிட் கணக்குல "பாத்தாச்சு"ன்னு ஆயிடும். லீஸ் காப்பாத்தாது. அதுக்காகவே 2020 டிசம்பர்ல வந்த 2.30ல ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் சேர்த்தாங்க. எடுத்ததை உங்க கிளையில உண்மையிலேயே சேர்த்திருக்கீங்களான்னு அது பாக்கும். பட்டனை மட்டும் அமுக்குறவருக்கு இந்தக் குழி இருக்குன்னே எப்படித் தெரியும்? பொதுக் கிளைக்கு இதுவும் வேண்டாம். சர்வர்லயே ஃபோர்ஸைத் தடுக்க அமைப்பு இருக்கு, பூட்டிடுங்க. எங்க டீம்ல அதைப் பூட்ட ஒரு ரியால் அண்ணன் வர வேண்டியிருந்துச்சு.

அடுத்து, தப்பைத் தேடுறது. இருப்பாய்வு டேலி ஆகலைன்னா நாங்க முதல் பக்கத்துல இருந்து டிக் அடிக்க மாட்டோம். வித்தியாசம் ஒன்பதால வகுபடுதான்னு பாப்போம். வகுபட்டா எங்கயோ 54ஐ 45னு மாத்தி எழுதியிருக்கலாம். வித்தியாசத்துல பாதித் தொகையைத் தேடுவோம், பற்றுக்குப் பதிலா வரவுல விழுந்திருக்கலாம். கிட்ல அப்படி ஒரு வித்தை பைசெக்ட். "போன மாசம் நல்லா இருந்துச்சு, இன்னிக்கு இல்லை"ன்னு ரெண்டு முனையைச் சொன்னா, நடுவுல வெட்டி வெட்டிக் கேக்கும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து சோதனைக்குள்ள பிடிச்சுடலாம். சோதனை ஸ்கிரிப்டைக் குடுத்துட்டா அதுவே ஓட்டிக்கும், நீங்க டீ குடிச்சிட்டு வரலாம். பதினாலு வருஷத்துல ஒரு தடவைகூட இதை ஓட்டாம, ராத்திரி பத்து மணி வரைக்கும் கண்ணால கோடு படிக்கிறவங்களை நான் பாத்திருக்கேன். வீட்டுல பிள்ளை தூங்கிப் போயிருக்கும்.

பிளேம்னு ஒரு கட்டளை எல்லாருக்கும் தெரியும், பேரு அப்படி. இந்த வரியை யார் எழுதினான்னு கண்டுபிடிச்சுத் திட்டுறதுக்கு. ஆனா அது இருக்கிற வரியைத்தான் காட்டும். காணாமப் போன வரியை யார்கிட்ட கேப்பீங்க? லாக் கட்டளையோட பெரிய எஸ் போட்டு அந்தச் சொல்லைக் குடுத்தா, அது எந்தக் கமிட்ல வந்துச்சு, எதுல போச்சுன்னு சொல்லும். பெரிய எல் போட்டா ஒரு ஃபங்ஷனோட முழு ஜாதகமும் வரும். ஆடிட்டர் கேக்குற கேள்வி பாதி இந்த ரெண்டுலயே முடிஞ்சிடும்.

அப்புறம் கையெழுத்து. கிட்ல ஆசிரியர் பேருங்கிறது நீங்க தட்டச்சு பண்றதுதான். நான் இப்ப உக்காந்து டோர்வால்ட்ஸ் பேருல கமிட் போடலாம், அது கேள்வி கேக்காது. 2021 மார்ச் 28 அன்னிக்கு பி.எச்.பி. மொழியோட களஞ்சியத்துல ராஸ்மஸ் லெர்டார்ஃப், நிகிடா போபோவ் பேருல, பின்வாசல் வைக்கிற ரெண்டு கமிட் ஏறுச்சு. அவங்க ரெண்டு பேரும் போடாதது. சீக்கிரமே பிடிச்சுட்டாங்க. கமிட்டைக் கையொப்பமிட வழி இருக்கு. 2021 நவம்பர்ல வந்த 2.34ல இருந்து எஸ்.எஸ்.எச். சாவியாலயே போடலாம். பேங்க் கோடு எழுதுற டீம்ல எத்தனை பேர் போடுறாங்கன்னு கேட்டுப் பாருங்க. ஒரு வவுச்சர்ல இனிஷியல் இல்லைன்னா நாங்க கோடியில இருந்து கொத்தவால் வரைக்கும் பதில் சொல்லணும். இவங்களுக்கு மட்டும் சலுகையா?

கமிட் செய்தியைப் பத்தி எழுதினா கண்ணீரே வரும். "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2", "ஃபைனல்", "ஃபைனல் ஃபைனல்". குறிப்பேட்டுல ஒவ்வொரு பதிவுக்கும் கீழ எதுக்காகன்னு ஒரு வரி விளக்கம் எழுதலைன்னா எங்க வாத்தியார் பாதி மார்க்கை வெட்டிருவாரு. பதினேழு வயசுப் பையனுக்கு இருந்த ஒழுக்கம் சீனியர் ஆர்க்கிடெக்டுக்கு வேண்டாமா?

சரிக்கட்டும் பட்டியல் போடத் தெரிஞ்சதால தப்பிச்ச கதையும் உண்டு. 2003 நவம்பர்ல, கிட் வர்றதுக்கு முன்னால, லினக்ஸ் கோடு பிட்கீப்பர்ல இருந்துச்சு. அதோட நகல் ஒண்ணு சி.வி.எஸ்.ல. யாரோ நகல்ல மட்டும் ரெண்டு வரியைச் சொருகிட்டாங்க. "சமமா?"ன்னு கேக்க வேண்டிய இடத்துல ஒரே ஒரு = குறியை விட்டு "சமமாக்கு"ன்னு மாத்தினாங்க. ஓடியிருந்தா சாதாரண ஆள் மெஷினுக்கே ராஜாவாயிடலாம். நகல்ல இருக்கிற பதிவு மூலத்துல இல்லையேன்னு ஒப்பிட்டுப் பாத்ததுலதான் மாட்டுச்சு. பாஸ்புக்கையும் கேஷ்புக்கையும் ஒப்பிடுற அதே வேலை. எங்க விஷயத்துலயும் நான் கையெழுத்துப் போட்ட ஹேஷையும் லைவுக்குப் போன ஹேஷையும் யாராவது பக்கத்துல வச்சுப் பாத்திருந்தா அந்த அண்ணன் அலைஞ்சிருக்க மாட்டாரு. அந்த "யாராவது"ல நானும் உண்டு. அந்தப் பழியை ஒத்துக்கறேன். இப்பல்லாம் ஹேஷ் இல்லாத ஃபார்ம்ல கையெழுத்துப் போடுறதில்லை.

எதிர்க்கட்சி வாதத்துக்கும் பதில் சொல்லிடறேன்.

"பட்டன் போதும் சார், கறுப்புத் திரை சும்மா பந்தா." வித்தியாசம் பாக்க, கிளைப்படம் பாக்க பட்டன் மென்பொருள் நல்லது, நானே அதுலதான் பாக்குறேன். ஆனா பட்டன்ல என்ன நடக்குதுன்னு அதை எழுதினவனுக்குத்தான் தெரியும். கட்டளையில நீங்க என்ன கேட்டீங்களோ அதுதான் எழுத்துல நிக்கும். நாளைக்குக் கேட்டா காட்டலாம்.

"இனிமே எல்லாம் ஏ.ஐ. பாத்துக்கும்." இப்ப அதுவே கோடு எழுதி, கமிட் போட்டு, செய்தியும் எழுதிடுது, உண்மை. அது ஒருநாள் ரீசெட் ஹார்டு அடிச்சா, கமிட் பண்ணினதை ரீஃப்ளாக்ல எடுக்கலாம், ஆட் கூடப் பண்ணாத வேலை போனது போனதுதான்னு தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்கணும்ல? கால்குலேட்டர் வந்தப்பவும் கணக்கு எழுதினவன்தான் கையெழுத்துப் போட்டான்.

"நாங்க சாஃப்ட்வேர், நீங்க கணக்கு, ரெண்டும் வேற." வேற இல்லை. இந்தியாவுல 2023 ஏப்ரல் 1ல இருந்து, கம்பெனிகள் கணக்கு எழுதுற மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோட பதிஞ்சு வைக்கணும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்க முடியக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. அந்த மென்பொருளை எழுதுறவங்க தங்களோட சொந்தப் பேரேட்டுல பிளேடு போடுறது எந்த ஊர் நியாயம்?

கடைசியா, அனுபவம் பத்து வருஷத்துக்கு மேல இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு. இந்த வாரக் கடைசியில ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு விளையாட்டுக் களஞ்சியம் போடுங்க. கிளையை அழிச்சிட்டு ரீஃப்ளாக்ல இருந்து மீட்டுப் பாருங்க. வேணும்னே ஒரு தப்பை ஐம்பது கமிட்டுக்கு நடுவுல புதைச்சு பைசெக்ட்ல தோண்டுங்க. முடிஞ்சா உங்களுக்கு ஒரு கும்பிடு. முடியலைன்னா ரெஸ்யூம்ல "கிட் - எக்ஸ்பர்ட்"ங்கிற வரியை எடுத்துடுங்க.

போன தடவை ஊருக்குப் போனப்ப போனக்காடு ஏறிப் போய்ப் பாத்தேன். ஃபாக்டரி இடிஞ்சு கிடக்கு, தேயிலை மரமா வளந்து நிக்குது. அப்பாவோட நோட்டு ஒண்ணு மட்டும் எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு. கோடு போட்ட இடம் ஒவ்வொண்ணுலயும் அடியில இருக்கிற நம்பரை இன்னிக்கும் படிக்க முடியுது.

பி.கு.: அந்த அண்ணனுக்கு ரியாலைத் திருப்பிக் குடுத்தாச்சு. எதிர்ப்பதிவு போட்டுத்தான். அரை நாள் சம்பளத்தைத் திருப்பிக் குடுக்க எந்தக் கட்டளையும் இல்லை.